சத்திரத்துக்கு வந்த விருந்தாளி: பாலுசாமி தீட்சிதர் சரிதை



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோவில் முற்றம் காலியாகிக்கொண்டிருந்தது. நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் என்னிடம் வந்து ஓர் அழைப்பிதழைக் கொடுத்தார்கள். அவர்கள் மகள் வெளியூரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அங்கே மாணவ மாணவியர் கூடி, பிடிலும் அதன் இனத்து வாத்தியங்களும் மட்டும் அடங்கிய தந்தி வாத்தியக் குழு ஒன்று நடத்துகிறார்கள். அந்தக் குழுவின் கச்சேரிக்குத்தான் அழைப்பு.

தாய்க்கு முகமெல்லாம் மலர்ச்சி. தகப்பனாருக்கோ பாதி மகிழ்ச்சி, பாதி கவலை. பரீட்சை நெருங்கும் காலத்தில் இந்தப் பிடில் எதற்கு என்பது அவர் எண்ணம். பாட்டனார் மட்டும் தம் மனக்குறையை வெளிப்படையாகவே சொன்னார். அது வெள்ளைக்காரன் வாத்தியம், நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்டார்.

அவருக்கு அந்த இடத்தில் நான் பதில் சொல்லவில்லை. ஏனெனில் அந்தக் கேள்விக்குரிய பதில் ஒரு வார்த்தையில் இல்லை. ஒரு மனிதருடைய வாழ்க்கையில் இருக்கிறது. அந்த வாழ்க்கையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் பாலுசாமி தீட்சிதர். பெரிய சங்கீத மேதையான முத்துசாமி தீட்சிதரின் கடைசித் தம்பி. நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்லர்; ஆயினும் அவர் செய்த வேலையின் பலன் நம் கோவில் பாடகர் மேடை வரைக்கும் வந்திருக்கிறது.

திருவாரூரில் இராமசாமி தீட்சிதர் என்றொரு வித்துவான் இருந்தார். அவர் 1735-ஆம் ஆண்டில் பிறந்தவர். இன்று கச்சேரிகளின் தொடக்கத்தில் அடிக்கடி கேட்கும் ஹம்ஸத்வனி என்ற இராகத்தை உண்டாக்கியவர் அவரே. நூற்றெட்டு இராகங்களையும் தாளங்களையும் கோத்து ஒரே மாலையாகப் பாடல் கட்டியவரும் அவரே. அவருக்கு மூன்று ஆண் மக்கள், ஒரு பெண். மூத்தவர் முத்துசாமி 1775-இலும், நடுவர் சின்னசாமி 1778-இலும், கடைசிப் பிள்ளை பாலுசாமி 1786-இலும் பிறந்தார்கள். வீட்டில் எந்நேரமும் பாட்டும் வீணையும். அந்தப் பிள்ளைகள் சங்கீதத்தைத் தாய்மொழியைப் போலக் கற்றார்கள்.

அக்காலத்தில் சங்கீத வித்துவான்கள் பிழைப்பது அரசரையோ செல்வரையோ சார்ந்துதான். சென்னைக்கு வடக்கே மணலி என்ற ஊரில் முத்துக்கிருஷ்ண முதலியார் என்ற ஜமீன்தார் இருந்தார். அவர் இராமசாமி தீட்சிதரின் வித்தையை மதித்து, அவரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துக்கொண்டார். அவருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அந்தக் குடும்பத்தை ஆதரித்தார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷியாக இருந்தவர். அதாவது, இரண்டு பாஷை பேசி, துரைமாருக்கும் நம் நாட்டாருக்கும் நடுவில் காரியம் நடத்துபவர்.

துபாஷி உத்தியோகம் காரணமாக முதலியாருக்குச் சென்னை ஜார்ஜ் கோட்டையில் போக்குவரத்து உண்டு. கோட்டையில் கம்பெனியாரின் வாத்தியக் குழு ஒன்று ஐரோப்பிய சங்கீதம் வாசித்து வந்தது. முதலியார் தீட்சிதர் சகோதரர்களையும் அங்கே அழைத்துச் செல்வார். சற்றே எண்ணிப் பாருங்கள். திருவாரூரிலிருந்து வந்த ஆசாரமான குடும்பத்துப் பிள்ளைகள், எதிரே அந்நியர். பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களை வாசிக்கிறார்கள். ஆனால் சண்டையில்லை, எல்லாம் ஒன்றாய்ப் பொருந்துகின்றன. நம் சங்கீதத்தில் இல்லாத முறை அது. கேட்டவர்களுக்கு வியப்பாகத்தான் இருந்திருக்கும்.

அந்தச் சங்கீதத்தைக் கேட்ட அண்ணனும் தம்பியும் அதைத் தள்ளிவிடவில்லை. ஆளுக்கொரு விதமாக அதை ஏற்றுக்கொண்டார்கள். அண்ணன் முத்துசாமி அந்த ஐரோப்பிய மெட்டுக்களை மனத்தில் வாங்கி, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நொட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று அவற்றுக்குப் பெயர். சுமார் நாற்பது பாடல்கள். அவற்றுள் ஒன்று பிரித்தானிய அரச வாழ்த்தின் மெட்டிலேயே அமைந்தது. மெட்டு அவர்களுடையது, பக்தி தம்முடையது என்று அவர் வைத்துக்கொண்டார்.

தம்பி பாலுசாமியின் கண்ணோ பிடில் மேல் விழுந்தது. வாத்தியக் குழுவில் அது எழுப்பிய ஒலி அவர் உள்ளத்தைப் பிடித்துக்கொண்டது. தமக்கு அதைக் கற்க வேண்டும் என்ற ஆசையை மறைக்கவுமில்லை. முதலியார் அந்த ஆசையைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கவில்லை. குழுவில் பிடில் வாசித்த ஐரோப்பியர் ஒருவரையே ஏற்பாடு செய்து, பாலுசாமிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வைத்தார். பாலுசாமி மூன்று ஆண்டுகள் அவரிடம் கற்றார்.

மூன்று ஆண்டுகள் என்பதைப் பெற்றோராகிய நீங்கள் கவனிக்க வேண்டும். வீட்டில் அப்பா பெரிய வித்துவான், அண்ணன் மேதை. தமக்கும் சங்கீதம் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவர், அந்நிய வாத்தியத்தை எடுத்ததும் மறுபடியும் அரிச்சுவடி படிக்கும் பிள்ளை ஆனார். பிடில் கையில் எடுத்தவுடன் இனிமை தரும் வாத்தியம் அன்று. வில்லின் அழுத்தம் சற்றே மிஞ்சினால் கீச்சிடும்; சற்றே குறைந்தால் ஊமையாகிவிடும். விரல் ஓர் எள்ளளவு விலகினால் சுரம் பிசகிவிடும். தெரிந்தவன் தெரியாதவனாகிக் குருவின் முன் உட்காருவதற்குத் தாழ்ச்சி வேண்டும். அந்தத் தாழ்ச்சி பாலுசாமியிடம் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்காலத்துப் பிடிலின் தந்திகள் ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்யப்பட்டவை. வில்லிலே கட்டியிருப்பது குதிரை வால் மயிர். ஆசாரம் காக்கும் குடும்பத்துப் பிள்ளை, அந்நியர் கையிலிருந்து அதை வாங்கித் தம் தோளில் சார்த்திக்கொண்டார். பெற்றவரும் உடன்பிறந்தவரும் அதற்குக் குறுக்கே நின்றதாகக் காணோம். நல்லது எங்கிருந்து வந்தாலும் நல்லதே என்று அந்த வீட்டார் அறிந்திருந்தார்கள்.

பாடம் சொல்லிக்கொடுத்த அந்த ஐரோப்பியரையும் நாம் மறக்கக் கூடாது. அவர் பெயரைச் சொல்லி ஒரு விழாவும் இல்லை, ஒரு சிலையும் இல்லை. ஆனாலும் தென்னாட்டில் இன்று எத்தனை மேடைகளில் பிடில் ஒலிக்கிறதோ, அத்தனையிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. நம் ஊரில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் அக்காமாரும், பள்ளிக்கூடத்தில் அ, ஆ எழுதிக் காட்டும் ஆசிரியர்களும் அவரைப் போன்றவர்களே அன்றோ?

மூன்று ஆண்டுப் படிப்பு முடிந்தது. இனிமேல்தான் பாலுசாமியின் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. கற்றதை அப்படியே வாசித்திருந்தால் அவர் துரைமாரின் பாட்டை வாசிக்கும் ஒரு தமிழராக மட்டும் இருந்திருப்பார். அவரோ அந்த வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குப் பழக்கினார்.

அது எப்படி முடிந்தது என்பதை விளக்குகிறேன். வீணையில் மெட்டுக்கள் உண்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் குறித்து வைத்திருக்கும். பிடிலின் பலகையில் அப்படி ஒன்றும் இல்லை. வழவழவென்று வெறுமையாக இருக்கும். ஆகையால் விரல் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு செல்லலாம், அசையலாம், வளையலாம். நம் இராகங்களுக்கு உயிராகிய கமகம் இப்படிப்பட்ட அசைவும் வளைவுமே. வில்லை இழுக்கும் வரையில் ஒலியும் அறுபடாமல் நிற்கும், மனிதர் குரலைப் போல. எங்கோ இத்தாலி தேசத்தில் பதினாறாம் நூற்றாண்டில் உருப்பெற்ற ஒரு கருவி, காவிரிக்கரைப் பாட்டுக்கென்றே செய்தது போலப் பொருந்திவிட்டது.

ஐரோப்பியர் நான்கு தந்திகளையும் தமக்கென்று ஒரு முறையில் கூட்டுவார்கள். நம்மவரோ சட்சம், பஞ்சமம், மறுபடியும் சட்சம், பஞ்சமம் என்று பாடகரின் சுருதிக்குத் தக்கபடி கூட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு வாசிக்கிறார்கள். நம்மவர் தரையில் சம்மணமிட்டு, பிடிலின் ஒரு முனையை மார்பிலும் மறு முனையை வலது பாதத்திலும் ஊன்றி வாசிக்கிறார்கள். இதனால் இடக்கை வாத்தியத்தைத் தாங்க வேண்டிய சுமையின்றித் தடையில்லாமல் மேலும் கீழும் ஓடுகிறது. இந்த மாறுதல்கள் எல்லாவற்றையும் ஒருவரே ஒரே நாளில் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்களுள் பாலுசாமி முன்நிற்பவர்.

பின்னர் குடும்பத்தில் துக்கங்கள் வந்தன. தகப்பனார் 1817-இல் இறந்தார். நடு அண்ணன் சின்னசாமி 1823-இல் மதுரையில் காலமானார். துணையாயிருந்த அண்ணனை இழந்த பாலுசாமி தெற்கே சென்றார். எட்டயபுரத்து அரசர் அவருடைய வித்தையைக் கேட்டு மகிழ்ந்து, 1824-இல் தம் சமஸ்தான வித்துவானாக வைத்துக்கொண்டார். கோட்டை வாத்தியக் குழுவில் ஓர் ஓரத்தில் கேட்ட பிடில், இப்போது ஒரு தமிழ் அரசவையில் மரியாதையான இடத்தில் அமர்ந்தது. அந்த அரசர்கள் மேல் பாலுசாமி சில உருப்படிகளும் செய்திருக்கிறார். மூத்தவர் முத்துசாமியும் கடைசியில் தம்பியைத் தேடி எட்டயபுரம் வந்து சேர்ந்தார். 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் அங்கேயே உயிர் நீத்தார்.

இதற்குள் பிடில் பல கைகளுக்குப் பரவிவிட்டது. முத்துசாமி தீட்சிதரின் சீடர்களான தஞ்சை நால்வரில் இளையவர் வடிவேலு. அவர் பிடிலில் பெற்ற தேர்ச்சியை மெச்சி, திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தால் ஆன ஒரு பிடிலை அவருக்குப் பரிசளித்தார். அந்நியமாக வந்த வாத்தியத்துக்கு ஒரே தலைமுறைக்குள் யானைத் தந்தத்தில் மரியாதை! பிறகு பாட்டுக் கச்சேரி என்றால் பக்கத்தில் பிடில் இருந்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. இன்று பிடில் இல்லாத கர்நாடக சங்கீத மேடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பாலுசாமி தீட்சிதருக்கு ஆண் பிள்ளை இல்லை. மகள் வயிற்றுப் பேரன் ஒருவனைச் சுவீகாரம் எடுத்து, தமக்குத் தெரிந்ததையெல்லாம் அவனுக்குச் சொல்லிவைத்தார். 1859-இல் பாலுசாமி மறைந்தார். அந்தப் பேரன்தான் 1839-இல் பிறந்த சுப்பராம தீட்சிதர்.

வாசகர்களே, சரிதை இத்துடன் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இங்கேதான் நமக்கு நெருங்கிய ஒருவர் வந்து சேருகிறார். சென்னை அரசாங்கச் செயலகத்தில் உத்தியோகம் பார்த்த சின்னசாமி முதலியார் என்ற எம்.ஏ. பட்டதாரி. அவர் ஒரு கிறிஸ்தவர். நம் நாட்டு மகான்களின் பாடல்கள் வாய்வழியாகவே வருகின்றனவே, பாடுகிறவர் போனால் பாட்டும் போய்விடுமே என்று அவர் கலங்கினார். ஐரோப்பியர் தங்கள் சங்கீதத்தை எழுதி வைக்கிற ஐந்து கோட்டு முறையில் நம் கீர்த்தனங்களையும் எழுதி, 1892 முதல் அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். சுப்பராம தீட்சிதரிடமும் பாடல்களைக் கேட்டு எழுதினார். இந்த வேலையில் தம் பணத்தைச் செலவழித்தார். கண் பார்வையும் மங்கிப்போயிற்று.

அப்போதும் அவர் ஓயவில்லை. 1899-இல் எட்டயபுரத்து மன்னரின் பட்டாபிஷேகத்துக்குச் சென்று, சுப்பராம தீட்சிதரின் நெஞ்சில் உள்ள பொக்கிஷம் புத்தகமாக வர வேண்டும் என்று மன்னரிடம் மன்றாடினார். அதன் பலனாக 1904-இல் எட்டயபுரத்து அச்சகத்திலிருந்து சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற மாபெரும் நூல் வெளிவந்தது. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனங்கள் இருநூறுக்கு மேல் அதில் உள்ளன. நூல் வெளிவந்த நாளைக் காணச் சின்னசாமி முதலியார் உயிரோடு இல்லை. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

பாருங்கள், எப்படிப்பட்ட சங்கிலி இது! பெயர் விளங்காத ஓர் ஐரோப்பியர் ஓர் இந்துப் பிள்ளைக்குப் பிடில் கற்பித்தார். அந்தப் பிள்ளையின் பேரனிடமிருந்து ஒரு கிறிஸ்தவர் பாடல்களைக் கேட்டு எழுதி, அவை அழியாதிருக்கத் தம்மையே செலவழித்தார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் அந்நியர் என்று ஒதுக்கியிருந்தால், இரண்டு பக்கமும் ஏழைகளாகவே இருந்திருக்கும்.

நம் ஊருக்குப் புதுச்சத்திரம் என்று பெயர். சத்திரம் என்றால் என்ன? வழிப்போக்கர் வந்து தங்கி இளைப்பாறும் இடம். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே நடப்பவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்த பெருமை நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. பிடிலும் அப்படித்தான் ஒரு வழிப்போக்கனாக நம் நாட்டுக்கு வந்தது. சத்திரத்தில் ஒரு இரவு தங்கிப் போகாமல், வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டது. வந்தவருக்குத் திண்ணையில் இடம் கொடுத்தவர் பாலுசாமி தீட்சிதர்.

அந்தக் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன். மேடையில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அரை வட்டமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இடப்பக்கம் முதற் பிடில்கள், அடுத்து இரண்டாம் பிடில்கள், சற்றுப் பெரிய வியோலா, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் செல்லோ, பின்னால் ஆள் உயரத்துக்கு மேலான டபிள் பாஸ். முதலில் விவால்டி என்பவர் இயற்றிய இசையை வாசித்தார்கள். 1678-இல் வெனிஸ் நகரில் பிறந்த அவர் ஒரு குருவானவர் என்பதும், அநாதைப் பெண் பிள்ளைகளின் விடுதியில் பல ஆண்டுகள் பிடில் கற்பித்தவர் என்பதும் உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். பிறகு, முத்துசாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரம் ஒன்றைப் பிள்ளைகள் அதே பிடில்களில் வாசித்தார்கள். கோட்டையில் கேட்ட மெட்டு, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சுற்றிவிட்டு, ஒரு புதுச்சத்திரத்துப் பெண்ணின் வில்லிலிருந்து வந்தது.

பக்கத்தில் பாட்டனார் உட்கார்ந்திருந்தார். கச்சேரி முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் திரும்பி வரும் பேருந்தில் பேத்தியின் பிடில் பெட்டியை மேலே வைக்க விடாமல், நாமக்கல் வரும் வரையில் தம் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

பெற்றோரே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் வித்துவான்கள் ஆக மாட்டார்கள். ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை ஒரு வித்தையின் மேல் உள்ளன்போடு ஆசைப்படும்போது, மணலி முதலியாரைப் போல அதற்கு வழி செய்து கொடுங்கள். மூன்று மாதத்தில் பலன் தேடாதீர்கள்; மூன்று ஆண்டு பொறுத்திருங்கள். கீச்சிடும் ஒலியைக் கேட்டுக் கோபிக்க வேண்டாம். பாலுசாமி தீட்சிதரின் பிடிலும் முதலில் கீச்சிட்டுத்தான் இருக்கும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தெரிந்ததைக் காட்டிக்கொள்வது எளிது. தெரியாததைக் கற்க உட்காருவதுதான் பெருமை.

நம் கோவில் பாடகர் மேடையில் பழைய பிடில் ஒன்று பல காலமாகச் சும்மா கிடக்கிறது. இரண்டு தந்திகள் அறுந்திருக்கின்றன; ஒரு பிருடையும் நழுவுகிறது. அதைச் சீர்ப்படுத்தச் சேலத்துக்குக் கொடுத்தனுப்புகிறோம். பல்கலைக்கழகத்துப் பிள்ளை விடுமுறைக்கு ஊர் வரும்போது, சனிக்கிழமை மாலைகளில் மூன்று நான்கு சிறுவர் சிறுமியருக்குக் கற்பிக்க முன்வந்திருக்கிறாள். கற்க விரும்புகிறவர்கள் அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் என்னிடம் பெயர் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, பொறுமை மட்டும் கொண்டுவர வேண்டும்.

உங்கள் பங்குக் குரு